சாவுகிராக்கி கேசட்டு

பீம்ராவுக்குப் பொய் சொல்ல வராது என்று காலடிப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீக்கடையில் கூட ஒரு வடை தின்றுவிட்டால் கடைக்காரர் மறந்தாலும் தானே போய் ஞாபகப்படுத்துகிற பிறவி. அப்படிப்பட்டவன் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கூசாமல் பொய் சொன்னான். டாக்டர் அவனுடைய வலது கட்டைவிரலில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க தெரியுதா?"

"தெரியுது சார்."

"இங்க?"

"தெரியுது சார்."

ஒரு மண்ணும் தெரியவில்லை. டாக்டர் வாயைத் திறந்து கேட்டதால் பிழைத்தான். பேசாமல் குத்தியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பான். பக்கத்தில் நின்ற மனைவி அன்புக்கரசி ஒவ்வொரு "தெரியுது"க்கும் ஒரு பெருமூச்சு விட்டாள். எலும்பு கூடிவிட்டது, உணர்ச்சியும் இருக்கிறது, இனி பழக்கத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? விரல் அசைகிறது, மடங்குகிறது, அது போதாதா, மரத்துப்போனதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினான்.

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் பீம்ராவ் ஸ்டாக்கர் ஆபரேட்டர். ஸ்டாக்கர் என்பது ராட்சத வண்டி. நீட்டிய ஒற்றைக் கையால் கன்டெய்னர் பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அதன் கேபினில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல் தெரியும், இன்னொரு பக்கம் மணலிப் புகைபோக்கிகள் தெரியும். பீம்ராவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வியாசர்பாடியில் அந்தத் தெருவுக்கே மூட்டைதான் பிழைப்பு. சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன கழுத்தோடுதான் அப்பா செத்துப்போனார். அப்பேர்ப்பட்டவர் பெற்ற பிள்ளை, ஒரு லாரி கொள்ளுகிற சுமையை உட்கார்ந்த இடத்திலிருந்து விரல் நுனியால் தூக்கி வைக்கிறான் என்றால் அவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்காதா? இருந்தது. யாருக்கும் தொந்தரவில்லாத திமிர்.

அந்த விரலைத்தான் ஒரு காலியான பெட்டியின் கதவு வாங்கிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடல் காற்றில் கதவு வந்து அறைந்து சாத்தியது. அதற்காக யாரைத் திட்டுவது? காற்றைத்தான் திட்ட வேண்டும்.

கைக்கட்டு பிரித்ததும் யார்டுக்குப் போனான். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வால்டர் ராயபுரத்துக்காரர். கத்துவார், ஆனால் கெட்டவர் இல்லை. அவனைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"பாரு பீமு, மேனேஜருகிட்ட பேசிட்டேன். ரெண்டு வழி கீது. கேட்டுல பெட்டி நம்பர் எழுதிகினு உக்கார்ற வேல காலியா கீது. வேணும்னா இப்பவே எடுத்துக்கோ, கடைசி வரிக்கும் உனுக்கு அது பர்மனன்டு. இல்லாட்டி பொங்கலு முடிஞ்சதும் டெஸ்ட்டு வெப்பாங்க. பாஸ் பண்ணா பழையபடி வண்டி. ஃபெயிலாச்சுன்னு வெய்யி, ரெண்டும் போச்சு. நொண்டிக் கைய வெச்சிகினு எங்கள ஏமாத்த வந்தானான்னு கேப்பாங்க. ஓசனை பண்ணி சொல்லு."

"டெஸ்ட்டுல இன்னா பாப்பாங்க சார்?"

"இன்னாத்த பாப்பாங்க? ஜாய்ஸ்டிக்க பாப்பாங்க. தட்டணும்டா பீமு, அமுக்கக் கூடாது. அவ்ளோதான் சூச்சமம்."

அவர் சொன்னது நிஜம். கேபினில் வலது கைக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. அதற்குப் பெயர் ஜாய்ஸ்டிக். அதன் தலையில் கட்டைவிரலுக்கென்று ஒரு பட்டன். பெட்டியைக் கவ்வுகிற பிடியை இடமும் வலமும் நகர்த்துவது அதுதான். டக் டக் டக்கென்று தட்டினால் விரற்கடை விரற்கடையாக நகர்ந்து நாலு மூலையிலும் கொக்கி சரியாகப் போய் உட்காரும். அமுக்கிப் பிடித்தால் தொலைந்தது, பிடி ஓடு ஓடென்று ஓடிப் பக்கத்தில் இருப்பதை இடிக்கும். பீம்ராவின் கட்டைவிரல் அந்த யார்டிலேயே பேர்போன விரல். இப்போது அது அவன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவருடைய விரலாக இருந்தது.

கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேற்றுவரை தான் தூக்கிய பெட்டிகளின் நம்பரை எழுதுவதா? சரி, டெஸ்ட்டுக்குப் போனால்? விரலுக்கு வேகம் திரும்பியிருக்கிறதா என்று எதில் தட்டிப் பார்ப்பது? வண்டியில் ஏற விடமாட்டார்கள். இந்தக் குழப்பத்தோடு மார்க்கெட் சந்து வழியாக வந்தபோதுதான் தமீமின் கடை வாசலில் சாக்பீஸால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: புது ஜாய்ஸ்டிக் வந்துள்ளது.

தமீம் அவனுக்குச் சின்ன வயது தோஸ்து. தண்டையார்பேட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தூங்கியவர்கள். டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன், பழைய டி.வி.க்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேம் பெட்டியை மாட்டி, வாசலில் பச்சைத் திரை தொங்கவிட்டு, வீடியோ கேம் கடை வைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஈயாக மொய்ப்பார்கள். முற்பகலில் ஒரு ஜீவன் இருக்காது.

பீம்ராவ் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஜாய்ஸ்டிக். வால்டர் சார் சொன்னதும் ஜாய்ஸ்டிக், இவன் எழுதி வைத்திருப்பதும் ஜாய்ஸ்டிக். இரண்டிலும் கட்டைவிரலுக்குப் பட்டன். ஒரே பெயர் என்றால் ஒரே வேலைதானே? நீங்களும் நானும் சிரிக்கலாம். தண்ணீரில் முங்குகிறவன் கைக்கு எது சிக்குகிறதோ அதைத்தான் பிடிப்பான். பீம்ராவ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"தமீமு, உங்கடையிலியே கஸ்டமான கேமு எது?"

"இன்னா மாமு, ஆஸ்பத்திரிலேந்து நேரா இங்கதான் வர்றியா? கஸ்டமானதுன்னா சாவுகிராக்கிதான். அத்த மட்டும் கேக்காத."

"அத்தயே போடு."

அந்தக் கேம் கேசட்டின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மேலே சீன எழுத்தும், கேமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கார் படமும் இருக்கும். வந்த முதல் நாளே ஆடிய ஒருவன் ஆத்திரத்தில் டி.வி.யைப் பார்த்து "சாவுகிராக்கி!" என்று கத்தினான். அதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. சம்மட்டி வைத்துக்கொண்டு ஒரு குட்டி ஆள். அவனுக்கு மூன்று உயிர். கிணற்றுக்குள்ளிருந்து மேலே ஏற வேண்டும். கால் வைக்கிற கல் உடையும், வௌவால் வந்து முகத்தில் அறையும், மேலே போகப்போகத் தண்ணீர் துரத்திக்கொண்டு வரும். நடுவில் நிறுத்திவைத்து நாளைக்கு ஆடலாம் என்கிற சங்கதியே கிடையாது. மூன்று உயிரும் போனால் மறுபடி கிணற்றின் அடியிலிருந்துதான். எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. மேற்கூரை மெல்ல இறங்கிக்கொண்டே வரும். அது தலையைத் தொடுவதற்குள் சம்மட்டியால் மடமடவென்று அடித்துக் கதவை உடைக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு தட்டு. யாருக்கும் அந்த வேகம் கைகூடவில்லை. தமீமுக்கே கைகூடவில்லை.

வேறு கடைகளில் ஜாய்ஸ்டிக்கில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால் போதும், மெஷினே பத்து ஆள் தட்டுகிற வேகத்தில் தட்டிக்கொள்ளும். தமீம் தன் கடையில் டர்போ பட்டனையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டான். அதில் அவன் ரொம்பக் கறார். ஒரு கேசட்டை முடிக்கிறவன் பெயரை டி.வி.க்கு மேலே சுவரில் எனாமல் பெயிண்டால் எழுதுவான். சுவர் பூராவும் பெயர்கள். சாவுகிராக்கி என்று எழுதிய இடத்துக்குக் கீழே மட்டும் வெறும் சுண்ணாம்பு.

தமீம் கேசட்டின் வாயில் ஃபூ ஃபூ என்று ஊதிச் செருகினான். பீம்ராவ் ஆட உட்கார்ந்தான்.

ஐயோ, அந்த நாட்கள்! காலையில் அன்புக்கரசி காசிமேட்டு இறால் ஷெட்டுக்கு இறால் உரிக்கக் கிளம்பியதும் இவன் கடைக்குக் கிளம்புவான். விழுவான், சாவான், அடியிலிருந்து ஏறுவான், சாவான். விரல் பட்டனின்மேல் இருக்கிறதா வழுக்கிவிட்டதா என்றே அவனுக்குத் தெரியாது. கண்ணை டி.வி.யில் வைத்து, சம்மட்டி அடிக்கிறதா என்று பார்த்துத்தான் விரல் வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்வான். குட்டி ஆள் அடித்தால் விரல் தட்டியது, அடிக்காவிட்டால் தட்டவில்லை. அதை அவன் தமீமிடமும் சொல்லவில்லை. பலம் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

ஒரு நாள் இறால் ஷெட்டில் ஐஸ் வரவில்லை என்று அன்புக்கரசி சீக்கிரமே திரும்பினாள். வீடு பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு வந்து திரையைத் தூக்கினால் புருஷன் டி.வி. முன்னால் குந்தியிருக்கிறான்.

"இன்னாய்யா இது? நா அங்க கை வெறச்சி சாவறேன், நீ இங்க புள்ளைங்கோ ஆட்ற ஆட்டம் ஆடிகினு கீறியா? வெக்கமா இல்ல?"

தமீம் நைசாக எழுந்து வெளியே போய்விட்டான். பீம்ராவ் அவளை உட்காரவைத்து, டெஸ்ட்டையும் கேட் வேலையையும் சொன்னான். பிறகு அவளிடம் மட்டும் ஒன்று சொன்னான்.

"அன்பு, இந்த சனியன நா முடிச்சிட்டேன்னு வெய்யி, டெஸ்ட்டுக்கு போறேன். முடிக்க முடியலன்னா பேசாம கேட்டுக்கு போயி நம்பர் எழுதறேன். என் வெரலு இன்னா லெவலுல கீதுன்னு தெரிய எனக்கு வேற வழி இல்ல."

அவள் ஐஸில் ஊறி வெளுத்திருந்த தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அது சரி, கேட்டு வேலதான் இன்னா கேவலமா? ஒக்காந்துகினு செய்யற வேலதானே? எனக்கு அதுவே போதும்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஆடு. ஆனா சீக்கிரம் ஆடு. அந்த வேலையும் பூடப் போவுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பொங்கல் வந்துவிட்டது. வால்டர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஏதாவது ஒன்றைச் சொல்லு, கேட்டுக்கு வேறு ஆள் போடப் போகிறார்கள் என்று. பீம்ராவ் இப்போது கடைசிக் கதவு வரைக்கும் போகப் பழகிவிட்டான். கண் பார்த்துப் பார்த்தே கிணறு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் கதவு உடையவில்லை. அடிப்பான், விரல் தூங்கிவிடும், கூரை இறங்கும், குட்டி ஆள் நசுங்குவான். அந்த இடத்தில் டி.வி. ஒரு பாட்டுப் போடும் பாருங்கள், டிங் டிங் டிடிங் என்று, செத்தவனைக் கேலி பண்ணுகிற மாதிரி. அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தூக்கத்தில்கூட அதுவே ஒலித்தது.

ஒரு முற்பகலில், கதவில் ஒரே ஒரு கம்பி பாக்கி இருக்கும்போது கடைசி உயிரும் போனது. பீம்ராவ் ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தான். லாரிகள் வரிசையாக நின்ற நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, கடல் அரிக்காமலிருக்கக் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் போய் நின்றான். தமீம் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தான்.

"இன்னா நைனா, எங்க போற?"

"இப்டியே எறங்கிடலாம்னு கீது தமீமு."

"பேஜாரு பண்ணாத. ஒரு கேமுக்கு போயா?"

"கேமா அது? எனக்கு இன்னொண்ணு தெரியாதுடா. எங்கப்பன் முதுவுல தூக்குனத நா வெரலுல தூக்குனேன். அது பூட்ச்சுன்னா நா யாரு?"

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தமீமுக்குப் பயம் வந்திருக்காது. வறண்ட கண்ணோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தமீம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, பிடித்த பிடியை விடாமல் சாலை தாண்டி அழைத்துவந்து வீட்டில் விட்டான்.

மறுநாள் பீம்ராவ் கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டு போனான். ஆடிவிட்டு அப்படியே யார்டுக்குப் போய்க் கேட் வேலைக்குச் சரி சொல்லிவிடுவது என்று முடிவு. தமீம் ஒரு புது ஜாய்ஸ்டிக்கை மாட்டியிருந்தான். "பர்மா பஜார்லேந்து வந்துச்சு. பட்டனு மெத்துன்னு கீது, ஆடிப் பாரு" என்றான். அவன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. பீம்ராவ் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

கிணறு ஏறினான். கல் தாண்டினான். வௌவால் வந்தது, அடித்தான், அடி என்றால் அப்படி ஒரு அடி! சம்மட்டி சுழன்றது. இவ்வளவு வேகமாக அவன் ஆளை அவனே பார்த்ததில்லை. கடைசிக் கதவு. கூரை இறங்கத் தொடங்கியது. பீம்ராவ் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். சம்மட்டி மழை கொட்டுகிற மாதிரிக் கொட்டியது. கூரை பாதி வருவதற்குள் கதவு பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெளியே நீல வானம், ஒரு மரம், புரியாத எழுத்தில் ஏதோ வாழ்த்து. இதுவரை யாரும் கேட்டிராத வேறொரு பாட்டு வந்தது.

பீம்ராவ் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதான். கன்டெய்னர் கதவு கையை நசுக்கியபோதுகூட இப்படி அழவில்லை. "வந்துட்ச்சு தமீமு, என் வெரலு வந்துட்ச்சு!" என்று அவனைக் கட்டிக்கொண்டான். தமீம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிறகு பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, வெறும் சுண்ணாம்பாகக் கிடந்த இடத்தில் பீம்ராவ் என்று எழுதினான். எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது. அதுவும் சந்தோஷத்தால்தான் என்று பீம்ராவ் நினைத்தான்.

அன்றே யார்டுக்குப் போய், கேட் வேலை வேண்டாம், டெஸ்ட் வையுங்கள் என்று வால்டரிடம் சொல்லிவிட்டான். சாயங்காலம் அன்புக்கரசி வந்து சுவரில் புருஷன் பெயரைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அவருக்கு விரல் சரியாகிவிட்டது என்றாள். தமீமுக்கும் ஒரு கிண்ணம் போனது. அவன் அதைத் தொடவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

டெஸ்ட் அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. கேட்டில் ஒரு புது ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். பீம்ராவ் அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். கேபினில் ஏறி உட்கார்ந்ததும் ரெக்சின் வாசனை, டீசல் வாசனை, அந்தப் பக்கம் கடல். அப்பாடா என்றிருந்தது. கீழே வால்டர் விசிலோடு நின்றார். மேனேஜர் கொஞ்சம் தள்ளி நிழலில் நின்றார். காலிப் பெட்டி ஒன்றைக் கவ்வித் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்க வேண்டும். இவ்வளவுதான். இதை அவன் தூக்கத்தில்கூடச் செய்வான்.

வண்டியை நேராக நிறுத்தினான். வண்டியின் கையை நீட்டினான். பிடியை இறக்கினான். எல்லாம் பழையபடி, அச்சு அசலாக. பிடி பெட்டிக்கு மேலே ஒரு சாண் விலகி நின்றது. இடது பக்கம் கொஞ்சம் தட்ட வேண்டும். பீம்ராவ் பிடியையே பார்த்துக்கொண்டு, டி.வி.யைப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு, தட்டினான்.

பிடி நகர்ந்தது. நிற்கவில்லை. ஓடியது.

"தட்டுடா! பீமு, தட்டு! அமுக்காத!" வால்டரின் குரல் விசிலை மீறி வந்தது.

தட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தான். அப்போதுதான் அவன் கண் முதல் முறையாகத் தன் கைமேல் போனது. கட்டைவிரல் பட்டன்மேல் அசையாமல் படுத்திருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றி அவன் எடுப்பதற்குள், பிடி பக்கத்து அடுக்கில் மோதியது. உச்சியிலிருந்த காலிப் பெட்டி ஒருபுறமாகச் சாய்ந்து, ஒரு நொடி யோசித்து, விழுந்தது. யார்டே அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது, வால்டர் நின்றிருந்த இடத்தில் பெட்டி கிடந்தது.

வால்டர் அதற்கு அப்பால் மண்ணில் குப்புற விழுந்து கிடந்தார். எப்படித் தாண்டிக் குதித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான். பீம்ராவ் கேபினிலிருந்து இறங்கி ஓடினான்.

"சார், சார், தட்டுனேன் சார்…"

வால்டர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. எப்போதும் கத்துகிற மனிதர் கத்தாமல் இருந்ததுதான் பயங்கரமாக இருந்தது. "வூட்டுக்கு போ பீமு. எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்றார்.

மேனேஜர் கிட்டே வரக்கூட இல்லை. நிழலில் நின்றபடியே கேட் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். பீம்ராவ் நடந்தான். கேட்டில் புது ஆள் எழுந்து நின்று வழி விட்டான்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. நேராகத் தமீமின் கடைக்குப் போனான். உச்சி வெயில், கடையில் ஆளில்லை. தமீம் அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னா மாமு, டெஸ்ட்டு இன்னிக்கா? சொல்லவே இல்லியே. எப்டிப் போச்சு?"

"சாவுகிராக்கிய போடு."

தமீம் கேசட்டை ஊதவில்லை. அவன் வாயில் காற்று இல்லை. சும்மா செருகினான், அதுவே ஓடியது. பீம்ராவ் அந்தப் புது ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டான். இந்த முறை டி.வி.யைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தான். இடது கையால் வலது கட்டைவிரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்தான், ஒரு பொருளை எடுத்து வைப்பது மாதிரி. அது வைத்த இடத்தில் கிடந்தது. பிறகு தலையை நிமிர்த்தினான். டி.வி.யில் குட்டி ஆள் அடித்துக்கொண்டிருந்தான். அடி அடி அடியென்று, ஓயாமல், மழை மாதிரி.

"டர்போ ஒயர எடுத்து இந்த பட்டனுல சேத்து பத்த வெச்சிட்டியா?" என்று கேட்டான்.

தமீம் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"கடல்ல எறங்கறேன்னியே நைனா, நா இன்னா பண்ணுவேன்? ஒரு தபா கதவு ஒடஞ்சா உம் மூஞ்சில சிரிப்பு வரும்னு பாத்தேன். கைல புடிச்ச ஒடனே கண்டுபுடிச்சிடுவ, நாலு திட்டு திட்டுவ, ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு நெனச்சேன். பட்டன அமுக்கிகினு கீறோமா, தட்டிகினு கீறோமான்னு எந்த மன்சனுக்குடா தெரியாது? நீ அழுதுட்ட. கட்டிகினு அழுதுட்ட. அப்பால எப்டிடா சொல்றது? அத்த நம்பி நீ கேட்டு வேலைய வுடுவன்னு அல்லா சத்தியமா தெரியாதுடா."

எந்த மனிதனுக்குத் தெரியாது? பீம்ராவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தமீமை அறையலாம், டி.வி.யைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம். எழுந்துகூட விட்டான். கையை ஓங்கினான். ஓங்கிய கையின் விரல் கண்ணில் பட்டது. இந்தச் சனியன்பிடித்த விரலைப் பற்றி ஒரே ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால் இவன் இந்த வேலை செய்திருப்பானா? கையை இறக்கிவிட்டான்.

பெயிண்ட் டப்பா பக்கத்தில் கிடந்த பழைய ஸ்க்ரூடிரைவரை இடது கையில் எடுத்தான். ஸ்டூல்மேல் ஏறி, சுவரில் தன் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தான். எனாமல் பெயிண்ட் லேசில் வராது. சுண்ணாம்பு உதிர்ந்து தலையில் கொட்டியது. பழக்கமில்லாத கை, கோணல் மாணலாகப் போனது. தமீம் தடுக்கவும் இல்லை, எழவும் இல்லை. டி.வி.யில் குட்டி ஆள் வௌவால் அறைந்து செத்து, அந்தக் கேலிப் பாட்டு ஒலித்து ஓய்ந்தது.

திரை விலகியது. அன்புக்கரசி. இறால் ஷெட் ஈரம் காயாத புடவை. யார்டுப் பக்கமிருந்து வந்த யாரோ பெட்டி விழுந்த செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும், ஓடிவந்திருந்தாள். மூச்சு வாங்கியது. தரையில் உட்கார்ந்திருக்கிற தமீமைப் பார்த்தாள். ஸ்டூல்மேல் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். பாதி சுரண்டிய பெயரைப் பார்த்தாள்.

"எறங்குய்யா" என்றாள்.

இறங்கினான். தலையெல்லாம் சுண்ணாம்பு. அவள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலின் நுனியைத் தன் நகத்தால் அழுத்தினாள்.

"இங்க தெரியுதா?"

பீம்ராவ் கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"தெரியல அன்பு."

நகம் கீழே இறங்கியது. "இங்க?"

"தெரியல."

அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். நகம் பதிந்து தோல் வெளுத்தது. "இங்க? சொல்லுய்யா, இங்கயாவது?"

"தெரியல."

விரலின் அடி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனும் சொல்லிக்கொண்டே வந்தான்.